கடல் உள்வாங்கிய காட்சி

மீஞ்சூர்
9.3.2025

அன்புள்ள செவ்வந்தி அக்காவுக்கு,

தம்பி முத்துராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாலாவும் சுகமா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

கவரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கங்கையம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்து, 'இவங்கூட ஒரு வார்த்த பேச மாட்டேன்'னு சத்தியம் செய்தாய். பேசமாட்டேன் என்றுதானே சத்தியம்? எழுதமாட்டேன் என்று அம்மனிடம் நீ சொல்லவில்லையே. அதனால்தான் ஸ்டேஷன் பக்கத்துப் போஸ்டாபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் ஒரு படம் பார்த்தேன். சீனாக்காரர்கள் எடுத்த பொம்மைப் படம், தமிழில் பேசுகிறது. அவர்களுடைய பழைய புராணக் கதையாம். குடோனில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகள் படம்தானே, கொஞ்ச நேரம் ஏசிக் காற்று வாங்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்கா, கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு ராஜாவின் கடைசி மகள் கடலில் மூழ்கிச் சாகிறாள். செத்தவள் ஒரு சின்னப் பறவையாக எழுந்து வருகிறாள். இனிமேல் இந்தக் கடல் யாரையும் கொண்டுபோகக் கூடாது என்று, மலையிலிருந்து ஒவ்வொரு கல்லாக அலகில் தூக்கி வந்து கடலை மூடப் பார்க்கிறாள். குருவி அளவுதான் இருக்கிறது அந்தப் பறவை. கீழே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்.

நீயும் ஒரு தடவை பார்க்க வேண்டும். மாலாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

உன் தம்பி,
முத்துராஜ்


லைட்ஹவுஸ் குப்பம்
21.3.2025

தம்பி முத்துராஜுக்கு,

செவ்வந்தி எழுதிக்கொண்டது. நாங்கள் இருக்கிறோம். முட்டிவலியும் இருக்கிறது.

ஆமாம், எழுதக் கூடாது என்று சத்தியம் செய்யவில்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு உனக்கு மூளை உண்டு என்று அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

பொம்மைப் படமாம், பொம்மைப் படம்! வெட்கமாக இல்லையா உனக்கு? நவம்பர் மாதம் நீயும் என் வீட்டுக்காரரும் ஒரே படகில் போனீர்கள். விடியற்காலையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. சாயங்காலம் நீ மட்டும் வந்தாய். அவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. நான் உன்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. 'மாமாவுக்கு இன்னாடா ஆச்சு?' நீ தரையைப் பார்த்துக்கொண்டே 'தெரியலக்கா' என்றாய். பொழுதெல்லாம் தண்ணீரில் கிடந்தவனுக்கு ஒன்றுமே தெரியாதா? அதை நீ சொல்கிறவரை உன்னோடு எனக்குப் பேச்சில்லை. ஊரே வந்து காலில் விழுந்தாலும் பேச்சில்லை.

அவருக்குக் காரியமும் செய்யவில்லை. எப்படிச் செய்வேன்? என்ன நடந்தது என்று தெரியாமல் என் பொட்டை அழிக்க எனக்குக் கை வரவில்லை. பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள்.

அந்தப் பறவை கடலை மூடியதா இல்லையா என்று மாலா கேட்கச் சொன்னாள். எனக்கு அதைத் தெரிந்துகொள்கிற ஆசையெல்லாம் கிடையாது. அவளுக்காகக் கேட்கிறேன்.

செவ்வந்தி


மீஞ்சூர்
2.4.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நலம். கேன்டீன் சாப்பாடுதான் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் போதும். திட்டுதான் என்றாலும் நாலு தடவை படித்தேன்.

மாலாவிடம் சொல், பறவை கடலை மூடியதா என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். எங்கள் குடோன் சூப்பர்வைசர் இளங்கோவன், நெல் விவசாயம் செய்கிற குடும்பம். 'அத்தினி கடலயும் மூடிட்டா எவ்ளோ நெலம்டா! உப்பு மண்ணா கீறதுதான் பேஜாரு' என்று வருத்தப்பட்டார். காலேஜ் பிள்ளைகள் பின்வரிசையில் 'சண்டை கம்மி மச்சி' என்று சலித்துக்கொண்டார்கள். யூடியூபில் ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, 'செகண்ட் ஹாஃப் இழுவை' என்கிறார். அவருக்குக் கடல் என்றால் சுண்டல் தின்கிற இடம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை உடைத்திருப்பேன்.

கடல் ராஜா ஒருத்தன் வருகிறான். பாம்பு உடம்பு, மான் கொம்பு, நாலு கால், நீள மீசை. முதலில் திரை முழுக்க அவனுடைய ஒரு கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணுக்குள்ளே அலை அடிக்கிறது. பக்கத்து சீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். 'உன் ஆயுசெல்லாம் கல்லைப் போட்டாலும் என் ஒரு பல் மறையாது' என்று அவன் சிரிக்கிறான். பறவை, 'எனக்கு அவசரம் இல்லை' என்கிறது.

இரண்டாம் பாதியில் ஒரு காட்சி இருக்கிறது. அதற்காகவே மூன்று தடவை போய்விட்டேன். அதை எழுதமாட்டேன், நீயே பார்.

நீ கேட்டதற்கு இதிலும் பதில் இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

முத்துராஜ்


லைட்ஹவுஸ் குப்பம்
27.4.2025

தம்பிக்கு,

வெயில் கொளுத்துகிறது. மாலாவுக்கு வேர்க்குரு, மற்றபடி சுகம். உடம்பைப் பார்த்துக்கொள். உப்பில்லை என்றால் கையோடு ஊறுகாய் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியாதா?

போனோம். நான், மாலா, கோவிந்தம்மா சித்தி. சித்தி கருவாட்டுக் கூடையைப் பொன்னேரி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்படியே வந்துவிட்டாள். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்கள். நல்லதாகப் போயிற்று, காலை நீட்டிக்கொண்டு பார்த்தோம்.

நான் குறை சொல்லத்தான் போனேன். என் வாயில் குறை வரவில்லை. முகத்துவாரத்தில் காற்று திரும்புகிறதற்கு முன்னால் தண்ணீர் ஒரு நிறத்தில் மினுங்குமே, பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல். அதே நிறத்தில் வரைந்திருக்கிறார்கள்! எங்கோ சீனாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது எப்படிடா தெரியும்? கடல் ராஜாவின் மீசை நம் கெளுத்தி மீசையேதான். சித்தி தியேட்டர் என்று பார்க்காமல், 'கல்லப் போட்டு ரொப்பிட்டா நாம எங்கடி போயி வலை போடறது? அறிவு கெட்ட பட்சி!' என்று கத்தினாள். முன்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். கத்தினவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் மகன் கடலுக்குப் போய் வராமல் ஒன்பது வருஷம் ஆகிறதே.

ஆனால் நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இடைவேளைக்கு முன்னால், அந்தப் பெண் மூழ்கியதைத் திரும்பவும் காட்டுகிறார்கள். கையை நீட்டுகிறாள், பிடிக்க ஆளில்லை. கூப்பிடுகிறாள், கேட்க ஆளில்லை. ஒத்தையாய்ப் போகிறாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மாலா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

செவ்வந்தி


மீஞ்சூர்
8.6.2025

அக்காவுக்கு,

சுகம்தான். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். 'ஒத்தையாய்' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டி எனக்கு எழுத வரவில்லை.

மீதிப் படத்தையும் பார் அக்கா.

முத்துராஜ்


லைட்ஹவுஸ் குப்பம்
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மாலா எழுதுவது. எல்லோரும் நல்லா இருக்கோம். நான் பதினொன்றாவது சேர்ந்துவிட்டேன். நீங்கள் அம்மாவுக்கு அனுப்புகிற கடிதத்தையெல்லாம் நானும் படிக்கிறேன். அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில்தான் வைக்கிறாள்.

ஒரு சூடான நியூஸ்! அந்தப் படம் இப்போது போனிலேயே வந்துவிட்டது. ஆடித் திருவிழாவுக்குக் கோயில் பக்கத்து மணலில் பெரிய திரை கட்டிப் போடப் போகிறார்கள். சும்மா இல்லை, ஊர்க்கூட்டத்தில் பெரிய ரகளை. ரஜினி படம்தான் வேண்டும் என்று பாதிப் பேர். அம்மா எழுந்து, 'அந்த பட்சி படத்தப் போடுங்க, நான் பாதிதான் பார்த்துகீறேன்' என்றாள். அவ்வளவுதான். அம்மா எழுந்து நின்றால் எதிர்த்துப் பேச நம் ஊரில் ஆள் ஏது!

வலை பின்னுகிற வின்சென்ட் அங்கிள் மட்டும், கடல் ராஜாவுக்குப் பாம்பு உடம்பு என்று கேள்விப்பட்டு, 'எங்க வேதத்துல வலுசர்ப்பம்னா சாத்தான், இதுல இன்னா ராஜான்றீங்கோ?' என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

நீங்களும் வாங்க மாமா. அம்மா பேசாவிட்டால் போகிறாள், நான் பேசுகிறேன். நைனா இருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

மாலா


லைட்ஹவுஸ் குப்பம்
5.8.2025

தம்பி முத்துராஜுக்கு,

கூழ் ஊற்றி முடிந்தது. அம்மன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். நீ வருவாய் என்று மாலா பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை.

படம் போட்டார்கள். என்ன நடந்தது என்று எழுதினால் உன் குடோனில் சிரிப்பார்கள். யாரிடமும் காட்டாதே.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தார்கள். முதுகுப் பக்கம் கடல், முன்னால் திரையிலும் கடல். இரண்டு பக்கமும் அலைச் சத்தம். இந்தத் தடவை அந்தப் பெண் மூழ்குகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நீ எழுதாமல் விட்ட காட்சி வந்தது. கடல் ராஜா மூச்சைப் பிடிக்கிறான். கடல் உள்வாங்குகிறது. சத்தமே இல்லாமல் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது, தரை தெரிகிறது, மீன் துள்ளுகிறது.

முதலில் எழுந்தது யார் என்று தெரியாது. 'கடலு உள்ள போவுது! ஓடுங்க!' என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். சுனாமியைப் பார்த்த உடம்பு யாராவது சொல்கிறவரை காத்திருக்குமா? ஊரே எழுந்து ஓடினது. கைக்குக் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், யார் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. நான் மாலாவை இழுத்துக்கொண்டு லைட்ஹவுஸ் வரைக்கும் ஓடினேன். முட்டிவலி எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தக் காலத்தில் பிறக்காத பிள்ளைகள் மட்டும் மணலில் உட்கார்ந்தபடி, 'இன்னா ஆச்சு இவங்களுக்கு?' என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், நம் கடல் அதன் இடத்தில் இருக்கிறது. திரையில்தான் போயிருக்கிறது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கோவிந்தம்மா சித்தி ஒரு சிரிப்பு சிரித்தாள் பார், ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதவர்களும் உண்டு. வின்சென்ட், 'தம்பி, அந்த எடத்துலருந்து திருப்பிப் போடு' என்றார்.

திருப்பிப் போட்டார்கள். இந்தத் தடவை ஒருத்தரும் அசையவில்லை. தண்ணீர் விலகின தரையில், அதுவரை கடல் கொண்டுபோனவர்கள் எல்லோரும் கையில் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் விளக்கு! ஒவ்வொருத்தர் பக்கத்திலும் ஏதோ ஒன்று துணைக்கு இருக்கிறது. ஆமையோ, திருக்கையோ, சின்ன நண்டோ. பறவை விட்டுவந்த அந்தப் பெண் உடம்பைச் சுற்றிக் கடல் ராஜாவே வளைந்து படுத்திருக்கிறான். 'இங்கே யாரும் தனியாக வரவில்லை' என்று பறவையிடம் சொல்லி அழுகிறான். அம்மாடி! கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

சித்தி எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பெண்கள் போனார்கள். யாரும் மறைக்கிறது என்று சத்தம் போடவில்லை. 'இவன் முதுவு எம்புள்ள முதுவு மாதிரியே கீது' என்று சித்தி ஒரு பொம்மையைத் தடவினாள்.

கடைசியில் பறவை வாயில் இருந்த கல்லைப் போட்டுவிட்டு, அடுத்த கல்லை எடுக்கப் பறந்து போகிறது. அதைப் பற்றித்தான் இரண்டு நாளாய் ஊரில் சண்டை. எல்லாம் தெரிந்த பிறகு எதற்குக் கல் என்கிறார் வின்சென்ட். சாத்தான் பேச்சை விட்டுவிட்டார். தெரிந்தால் மட்டும் கோபம் போய்விடுமா என்பது என் கட்சி. ஆனால் தெரிய வேண்டும். கோபத்தோடு இருந்தாலும் தெரிந்துகொண்டு இருக்க வேண்டும்.

செவ்வந்தி


மீஞ்சூர்
12.8.2025

அக்கா,

சுகம். நீ லைட்ஹவுஸ் வரை ஓடினதைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. திருவிழாவுக்குக் கிளம்பி, மீஞ்சூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன்.

நீயும் திரைக்குக் கிட்டே போனாயா?

முத்துராஜ்


லைட்ஹவுஸ் குப்பம்
16.8.2025

தம்பிக்கு,

போனேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. பொம்மைப் படத்தில் எப்படி இருப்பார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தேடினேன்.

அந்தச் சீனாக்காரக் கடலில் எல்லோருக்கும் துணை இருக்கிறது. நம் கடலில் அவர் பக்கத்தில் யார் இருந்தது? இதை நான் அந்தத் திரையைப் பார்த்துக் கேட்டேன். உன்னையும் கேட்கிறேன். நீ நல்லவனா கெட்டவனா என்று எனக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லிவிடு.

செவ்வந்தி


மீஞ்சூர்
31.8.2025

அக்காவுக்கு,

நீயும் மாலாவும் நன்றாக இருக்க வேண்டும். படித்து முடித்த பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

படகு கவிழ்ந்ததும் இரண்டு பேரும் தப்பித்தோம். காலி டீசல் கேன் ஒன்று மிதந்தது. அதை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். வடிநீர் எங்களை வெளியே இழுத்துக்கொண்டே போனது. லைட்ஹவுஸ் சின்னதாகிக்கொண்டே வந்தது. வெயில் ஏறியது. மாமா பேசிக்கொண்டே இருந்தார். 'உங்கக்கா இன்னிக்கி நெத்திலி கொழம்பு வெச்சிருப்பா. ஆறிப்போனா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவா' என்று சிரித்தார். மாலாவைக் காலேஜுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றார். எனக்குப் பெண் பார்க்கிறேன், வாயாடியாகப் பார்க்கிறேன், அப்போதுதான் தன் கஷ்டம் எனக்குப் புரியும் என்றார்.

இதற்குப் பிறகுதான் அக்கா.

வலைக்குப் போனால் மாமாவும் நானும் முறை வைத்துத் தூங்குவோம், உனக்குத் தெரியும். ஒருத்தர் படுத்தால் ஒருத்தர் முழிப்பு. முந்தின ராத்திரி முழுக்க வலை இழுத்ததில் நான் ஒரு பொட்டும் தூங்கவில்லை. உச்சிப் பொழுது இருக்கும், எனக்குத் தலை தொங்கியது. 'உன் மொறைடா. நீ கண்ணசரு, நான் புடிச்சிக்கிறேன். அப்பால நான் தூங்கறேன்' என்றார். கரையில் இருக்கிறவர்கள் கேட்டால் பைத்தியக்காரன் என்பார்கள். தண்ணீரில் எவனாவது தூங்குவானா? ஏழு வருஷப் பழக்கம் அக்கா. அவர் உன் முறை என்றதும் கண் தானாக மூடிவிட்டது.

முழித்தபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. என் கை கேனோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மாமாவின் தலைத்துண்டு. இரண்டு முடிச்சு. மாமா இல்லை. நாலு பக்கமும் கத்தினேன். ஆந்திராக்காரர்கள் படகு என்னைத் தூக்குகிறவரை கத்தினேன்.

அவர் முறை வந்தும் என்னை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் நான் பிடித்திருப்பேன். அவர் என்னை எழுப்பவே இல்லை. அவர் கை எப்போது நழுவியது என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் 'தெரியலக்கா' என்றது பொய் இல்லை. உன் புருஷன் சாகும்போது நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

துண்டை உன்னிடம் காட்டாமல் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். என் பெட்டியில் இருக்கிறது. உப்புப் பூத்து விறைத்துக் கிடக்கிறது.

முத்துராஜ்


லைட்ஹவுஸ் குப்பம்
4.9.2025

தம்பி முத்துராஜுக்கு,

நாங்கள் சுகம். நேற்று முழுக்க அழுதோம், இன்றைக்குச் சோறு ஆக்கித் தின்றோம். நீயும் சாப்பிடு.

முதலில் நானே படித்தேன். அப்புறம் மாலாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வாயாடி என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

எழுப்பவில்லை, எழுப்பவில்லை என்று புலம்பியிருக்கிறாய். அட பைத்தியமே! அந்த மனுஷன் என்றைக்கு யாரை எழுப்பியிருக்கிறார்? பதினேழு வருஷம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். நான் அசந்து படுத்திருந்தால், தானே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். ஏன் எழுப்பவில்லை என்று நான் கத்தாத நாள் கிடையாது. உன்னை மட்டும் எழுப்பிவிடுவாரா?

நீ தூங்கினதில் எனக்குக் கோபமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. அது என்றைக்குப் போகும் என்றும் தெரியாது. ஆனால் ஒன்று கேள். இத்தனை மாதமாய்க் கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான். அவ்வளவு தண்ணீரில் அவர் மட்டும், பேச்சுக்கு ஒரு ஆள் இல்லாமல். இப்போது கண்ணை மூடினால், என் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார். உன்னைக் கிண்டல் செய்கிறார். துண்டை அவிழ்த்து முடிச்சுப் போடுகிறார். பக்கத்தில் ஆள் மூச்சு விடுகிற சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். கடல் ராஜா வேண்டாம், ஆமை வேண்டாம். நம் கடலில் அவர் பக்கத்தில் நீ இருந்திருக்கிறாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காரியம் வைத்திருக்கிறேன். உடம்புக்குப் பதிலாக அந்தத் துண்டைத்தான் வைக்கப் போகிறேன். துவைத்துத் தொலைக்காதே, அப்படியே கொண்டு வா. மச்சினன் முறை செய்ய நீ இருக்க வேண்டும்.

கோயிலுக்குப் போய் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பழவேற்காடு பஸ் ஏறியதும் போன் செய். எடுக்கிறேன்.

அக்கா,
செவ்வந்தி